எட்டு வாட்டும் ஊஞ்சலும்: கானாடுகாத்தான் வீட்டில் ஒரு வால்வு ஆம்ப்

வீடு கானாடுகாத்தானில். வீட்டுக்குச் சொந்தக்காரரை இதில் அண்ணன் என்றே எழுதுகிறேன், நேரிலும் அப்படித்தான் கூப்பிடுவேன். மலேசியாவில் முப்பது வருஷம் வேலை பார்த்துவிட்டு மனைவியோடு ஊருக்கே வந்துவிட்டவர். பங்காளிகள் எல்லாரும் சென்னை, சிங்கப்பூர் என்று இருப்பதால், முகப்பிலிருந்து மூன்றாம் கட்டு வரை நீளும் அந்த வீட்டில் இப்போது இரண்டே பேர். அண்ணனுக்குப் பாட்டு, அவர் மனைவி ஆச்சிக்கு ஊஞ்சல். இரண்டும் ஒரே கூடத்தில்.

புதிதாக வாங்கிய வால்வு ஆம்ப் (பாட்டைப் பெருக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும் பெட்டி) பற்றி, பழுது பார்க்கும் எனக்கு அண்ணன் போனில் சொன்ன புகார் இதுதான்: "தம்பி, எட்டு வாட்டுக்கு இவ்வளவு காசு கொடுத்து வாங்கியிருக்கேன். நாதஸ்வரம் போட்டா நல்லாத்தான் இருக்கு. ஆம்பளை யாரும் பாட ஆரம்பிச்சா மட்டும் ஜலதோஷம் புடிச்ச மாதிரி இருக்கு. மிருதங்கத்துல தொப்பிப் பக்கம் கும்முனு அடிக்குது." (தொப்பி என்பது மிருதங்கத்தில் கனத்த அடித்தொனி தரும் பக்கம்.)

பழுதைச் சொல்லத் தெரிந்த ஆள் கிடைப்பது அபூர்வம். பெரும்பாலும் "சவுண்டு சரியில்லை" என்பதோடு முடித்துவிடுவார்கள். இவர் எது கெட்டிருக்கிறது, எது கெடவில்லை என்று பிரித்தே சொல்லிவிட்டார். அந்தப் பிரிப்பிலேயே பாதி விடை இருந்தது. அது அன்றைக்கு என் மண்டையில் ஏறவில்லை.

ஆம்ப்: பக்கத்துக்கு ஒரு 300பி வால்வு (டிரான்சிஸ்டருக்கு முந்திய காலத்துக் கண்ணாடிக் குழாய்), சிங்கிள் எண்டட் (முழு அலையையும் ஒரே வால்வு பெருக்கும்), ஃபீட்பேக் (வெளியே வருவதை உள்ளே திருப்பிவிட்டுத் திருத்தும் சுற்று) கிடையாது, 8 வாட். பின்னால் 4 ஓம், 8 ஓம் என்று இரண்டு முனைகள் (ஓம் என்பது ஸ்பீக்கர் காட்டும் மின்தடையின் அளவு). ஸ்பீக்கர்: ஆள் மார்பு உயரத்துக்கு மூன்று வழி டவர் (கீழ், நடு, மேல் தொனிக்குத் தனித்தனிக் கூம்பு), காகிதத்தில் 8 ஓம், 88 டெசிபல் (குறிப்பிட்ட வோல்ட் கொடுத்தால் எவ்வளவு உரக்க ஒலிக்கும் என்ற அளவு). கோலாலம்பூரில் ஒரு டிரான்சிஸ்டர் ஆம்ப்போடு ஆறு வருஷம் புகாரில்லாமல் ஓடிய ஸ்பீக்கர்தான். ஆம்ப் மட்டும் புதிது. விற்ற கடைக்காரர் கேட்ட ஒரே கேள்வி, "ஸ்பீக்கர் எத்தனை ஓம் சார்?" எட்டு என்றதும், எட்டில் மாட்டச் சொல்லி அனுப்பிவிட்டார்.

முதல் தடவை: நான் தப்பாகச் சொன்னது

போனதும் வழக்கமான சோதனைகள். வால்வுக்குக் கீழே 1,000 ஓம் கேத்தோடு ரெசிஸ்டரில் இடப்பக்கம் 68 வோல்ட், வலப்பக்கம் 66. அதாவது 68, 66 மில்லி ஆம்பியர். பிளேட்டுக்கும் கேத்தோடுக்கும் நடுவே 350 வோல்ட். எல்லாம் ஒழுங்கு. வால்வுகளை இடம் மாற்றிப் பார்த்தேன், புகார் நகரவில்லை. ஒயர்கள் சரி. ஸ்பீக்கரில் கிழிசல் இல்லை, இரைச்சல் இல்லை.

அப்புறம் காரில் இருந்த என் சொந்த ஆம்பை இறக்கினேன். இஎல்34 வால்வு ஜோடி போட்ட புஷ்புல் (இரண்டு வால்வுகள் மாறி மாறி வேலை செய்யும்), 35 வாட், ஃபீட்பேக் உள்ளது. அதே பாட்டு, அதே ஸ்பீக்கர். குரல் நிமிர்ந்து உட்கார்ந்தது. ஜலதோஷம் போன இடம் தெரியவில்லை.

"வாட்தான் பத்தலை அண்ணே. இவ்வளவு பெரிய கூடத்துக்கு எட்டு வாட் எம்மாத்திரம்? இதைக் கொடுத்துட்டு நாற்பது வாட்ல ஒண்ணு வாங்கிருங்க" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு ஆம்பை மூட்டை கட்ட ஆரம்பித்தேன். கடைக்காரரும் போனில் அதையேதான் சொன்னாராம். இரண்டு பேரும் ஒன்றையே சொன்னதால் அண்ணன் நம்பிவிட்டார்.

ஆச்சி நம்பவில்லை. ஊஞ்சலில் உட்கார்ந்தபடி மாவுருண்டைத் தட்டை என் பக்கம் தள்ளிவிட்டுக் கேட்டார்: "ஏன் தம்பி, சத்தம் பத்தலைன்னா, சத்தத்தைக் குறைச்சு வச்சா சரியாயிடணும்ல? ராத்திரி நாங்க மெதுவாத்தான் வைக்கிறோம். அப்பவும் அவுக மூக்காலதானே பாடுறாக?"

வாயில் மாவுருண்டை இருந்ததால் உடனே பதில் சொல்ல வேண்டிய அவசியம் வரவில்லை. இல்லாவிட்டாலும் என்னிடம் பதில் இல்லை. வாட் பற்றாக்குறை என்றால் அது உரக்க வைக்கும்போதுதான் தெரியும். உச்சங்கள் வெட்டுப்பட்டுக் கரகரக்கும், சத்தத்தை இறக்கினால் மறையும். எந்த அளவில் வைத்தாலும் ஒரே மாதிரி கெட்டிருக்கிற ஒன்றுக்கு வாட் காரணமாக இருக்க வழியில்லை. என் 35 வாட் ஆம்ப் நன்றாக ஒலித்தது வாஸ்தவம். அது 35 வாட் என்பதால்தான் நன்றாக ஒலித்தது என்பது நானாகக் கட்டிக்கொண்ட கதை. காரைக்குடி திரும்பும் வழியெல்லாம் அதுவே ஓடியது.

இரண்டாம் தடவை: மீட்டரோடு

ஒரு வாரம் கழித்து ஸ்கோப் (அலையைத் திரையில் காட்டும் கருவி), மீட்டர், கைநிறைய ரெசிஸ்டர்கள் எடுத்துக்கொண்டு போனேன்.

முதலில் வாட் கணக்கை மூடினேன். ஸ்பீக்கர் முனையில் ஸ்கோப்பைக் கோத்து, அண்ணன் வழக்கமாகக் கேட்கும் அளவில் ஒரு முழு ராகம் தானம் பல்லவி ஓடவிட்டேன். 8 ஓமில் 8 வாட் என்றால் அலையின் உச்சம் 11 வோல்ட் சொச்சம் போகும். தனி ஆவர்த்தனத்தில்கூட 5 வோல்ட் தாண்டவில்லை. மீதியெல்லாம் சும்மா கிடந்தது.

அடுத்து ஆம்பின் அவுட்புட் இம்பிடன்ஸ், அதாவது ஆம்ப் தன் உள்ளேயே வைத்திருக்கும் தடை. இதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். 1,000 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு ஆயிரம் அதிர்வு) சைன் அலையைக் கொடுத்து, 8 ஓம் முனையில் ஒன்றும் மாட்டாமல் 4.00 வோல்ட் வரும்படி வைத்தேன். அப்புறம் 8.2 ஓம் ரெசிஸ்டரை மாட்டினேன். மீட்டர் 2.98க்கு இறங்கியது. 4.00ஐ 2.98ஆல் வகுத்து, ஒன்றைக் கழித்து, 8.2ஆல் பெருக்கினால் 2.8 ஓம். என் புஷ்புல்லை அதே மாதிரி அளந்தால் 0.6. அண்ணனின் பழைய டிரான்சிஸ்டர் ஆம்பில் மீட்டர் இறங்கியதே தெரியவில்லை.

இந்த 2.8 ஓமை, ஸ்பீக்கர் ஒயரில் நாமே ஒரு ரெசிஸ்டரைச் செருகிவைத்தது போல எண்ணிக்கொள்ள வேண்டும். ஸ்பீக்கர் எல்லா ஸ்வரத்துக்கும் ஒரே இம்பிடன்ஸ் காட்டினால் ஒரு கெடுதலும் இல்லை, மொத்தச் சத்தமும் சற்றுக் குறையும், அவ்வளவுதான். ஸ்பீக்கர் அப்படிக் காட்டுமா என்பதுதான் கேள்வி.

அதையும் அளந்தேன். டிரான்சிஸ்டர் ஆம்பில் 10 வோல்ட் வைத்து, 1,000 ஓம் ரெசிஸ்டர் வழியாக ஸ்பீக்கருக்கு விட்டால் ஏறத்தாழ 10 மில்லி ஆம்பியர் ஓடும். அப்போது ஸ்பீக்கர் முனையில் ஒவ்வொரு 10 மில்லி வோல்ட்டும் ஒரு ஓம். ஹெர்ட்ஸை ஒவ்வொரு படியாக ஏற்றிக்கொண்டு மீட்டரைப் படித்து நோட்டில் எழுதுவதுதான் வேலை. மலிவு மீட்டர்கள் 1,000 ஹெர்ட்ஸ் தாண்டினால் பொய் சொல்லும், அதனால் மேலே போகப் போக ஸ்கோப்பைத்தான் நம்பினேன். ஆச்சி நடுவில் வந்து, "என்ன தம்பி, விசில் அடிச்சுக்கிட்டே இருக்கு" என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

நோட்டில் விழுந்தவற்றில் முக்கியமானவை நான்கு. 63 ஹெர்ட்ஸில் 24 ஓம். 130 ஹெர்ட்ஸில் 3.3 ஓம். 2,200 ஹெர்ட்ஸில், கிராஸ்ஓவர் (ஒலியைப் பிரித்து அந்தந்தக் கூம்புக்கு அனுப்பும் சுற்று) இருக்கும் இடத்தில், 18 ஓம். 8,000 ஹெர்ட்ஸில் 5 ஓம்.

8 ஓம் என்று அச்சடித்த ஸ்பீக்கர் 3.3 வரை இறங்குகிறது. இதற்கு உலகத் தரவிதி ஒன்று உண்டு: குறைந்தபட்ச இம்பிடன்ஸ், அச்சடித்த எண்ணின் 80 சதவீதத்துக்குக் கீழே போகக்கூடாது. 8 என்று போட்டால் 6.4க்குக் கீழே இறங்கக்கூடாது. இந்தப் பெட்டிக்கு நியாயமாக 4 ஓம் என்றுதான் போட்டிருக்க வேண்டும். 88 டெசிபல் என்பதும் இதே ரகம். அந்த அளவை 2.83 வோல்ட் கொடுத்து எடுப்பார்கள். 8 ஓமில் அது 1 வாட், 4 ஓமில் 2 வாட். ஒரு வாட்டுக்கு எவ்வளவு என்று நேர்மையாகக் கேட்டால் 85தான் வருகிறது.

இப்போது இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டேன். 2.8 ஓம் நடுவில் நின்றால், 63 ஹெர்ட்ஸில் 1 டெசிபல்தான் இழப்பு. 130 ஹெர்ட்ஸில் 5.3 டெசிபல் இழப்பு. 2,200இல் 1.3. அதாவது தொப்பியின் கும் இருக்கும் இடமும், குரலின் மூக்கு இருக்கும் இடமும் நான்கு டெசிபலுக்கு மேல் தூக்கி நிற்கின்றன. ஆண் குரலின் அடித்தளமான நூறிலிருந்து இருநூறு ஹெர்ட்ஸ் வரை பள்ளத்தில் விழுந்து கிடக்கிறது. குரலில் நெஞ்சு போய்விட்டது, மூக்கு மட்டும் மிச்சம். நாதஸ்வரத்துக்கு அந்தப் பள்ளத்தில் வேலையே இல்லை, அதன் சுரங்கள் அதற்கு மேலே இருக்கின்றன. அதனால் அது மட்டும் தப்பித்தது. அண்ணன் போனில் சொன்ன மூன்று வாக்கியமும் ஒன்றுவிடாமல் நோட்டில் இருந்தன.

இந்தத் தடவை கணக்கை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. போன வாரம் சூடுபட்டிருந்தேன்.

எனவே ஒரு சோதனை. கோலாலம்பூர் டிரான்சிஸ்டர் ஆம்பை மாட்டி, பக்கத்துக்கு ஒன்றாக 2.7 ஓம், 20 வாட் வயர்வுண்ட் ரெசிஸ்டரை ஸ்பீக்கர் ஒயரில் செருகினேன். ரெசிஸ்டர் இருக்கும்போதும் இல்லாதபோதும் 1,000 ஹெர்ட்ஸில் ஸ்பீக்கர் முனையில் ஒரே வோல்ட் வரும்படி வால்யூமைக் குறித்துக்கொண்டேன். இல்லாவிட்டால் சத்தம் கூடியதையே காது நல்லது என்று சொல்லும். எல்லாவற்றையும் ஒரு துண்டால் மூடினேன். ஆச்சியிடம் ஒன்றும் சொல்லவில்லை.

முதலில் ரெசிஸ்டர் இல்லாமல் ஒரு கீர்த்தனை. ஆச்சி தலையாட்டினார். அப்புறம் ரெசிஸ்டரோடு அதே கீர்த்தனை. அனுபல்லவி வருவதற்குள் ஊஞ்சல் நின்றது.

"நல்லாத்தானே இருந்துச்சு. எதுக்குத் திரும்ப அந்தப் பல்பு பெட்டியவே மாட்டுனீக?"

பல்பு பெட்டி ஓரமாக அணைந்து கிடந்தது. வால்வே இல்லாமல், நூறு வாட் டிரான்சிஸ்டர் ஆம்பில் ஒரு ரெசிஸ்டரை மட்டும் வைத்து அதே ஜலதோஷத்தை வரவழைத்துவிட்டோம். அண்ணன் ரெசிஸ்டரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

ஊஞ்சல்

ஒரு விஷயம் மட்டும் கணக்கில் ஒட்டவில்லை. தொப்பியின் கும், நான்கு டெசிபலுக்குரியதைவிட அதிகமாகவே இருந்தது. டிரான்சிஸ்டர் ஆம்பிலும் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

சாப்பிட்டுவிட்டு ஊஞ்சலில் உட்கார்ந்து காலை உந்தினேன். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஊஞ்சல் முன்னும் பின்னும் போகப் போக, தொப்பி அடங்குவதும் ஏறுவதுமாக இருந்தது. நன்றாக வீசி ஆடினால் இரண்டு ஓரங்களிலும் கும் குறைந்து, நடுவில் வரும்போது வயிற்றில் இடிக்கிறது. காதுக்குப் பிரமை என்று நினைத்து அண்ணனை உட்காரவைத்து ஆட்டினேன். அவரும் அதையே சொன்னார். அறுபது வயது தாண்டிய மனிதரை ஊஞ்சலில் வைத்து ஆட்டிவிட்டது ஆச்சிக்கு அன்று முழுக்கச் சிரிப்பு.

கூடத்தை அளந்தேன். நீளம் 11 மீட்டர், அகலம் 5.5, உயரம் 4.5. ஸ்பீக்கர்கள் நீளச் சுவரை ஒட்டி நின்று, அகலவாட்டில் பார்க்கின்றன. நம் ஊர் வெக்கைக்கு ஒலி விநாடிக்கு 349 மீட்டர் ஓடும் என்று வைத்தால், 5.5 மீட்டர் இடைவெளியில் இரு சுவர்களுக்கு நடுவே நிற்கும் அலை முதலில் 32 ஹெர்ட்ஸில் வரும், அடுத்தது 63இல். அந்த 63 ஹெர்ட்ஸ் அலைக்கு அழுத்தம் அதிகமாக இருக்கும் இடங்கள் மூன்று: இரண்டு சுவர்கள், நடு மையம். சுவரில் ஸ்பீக்கர். மையத்தில் ஊஞ்சல். உத்தரத்தில் கொக்கி அடித்த தச்சர் அளவு பிசகாமல் நட்டநடுவில் அடித்திருக்கிறார்.

ஸ்பீக்கரின் 24 ஓம் மேடும் 63இல், கூடத்தின் மேடும் 63இல். இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருக்கின்றன. இது தற்செயல்தான். இன்னொரு வீட்டில் அறை ஓர் அடி கூடுதல் அகலமாக இருந்திருந்தால் இவ்வளவு படுத்தியிருக்காது.

எதிரொலியும் சேர்ந்துகொள்கிறது. கீழே ஆத்தங்குடிக் கல், சுவரில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெருகேற்றிய சுண்ணாம்புப் பூச்சு, மேலே பர்மா தேக்கு. ஒலியை உறிஞ்ச ஒன்றும் இல்லை. கனஅளவையும் பரப்பையும் வைத்து, பரப்பில் நூற்றுக்கு ஐந்து பங்குதான் உறிஞ்சும் என்று போட்டால், ஒரு ஒலி அடங்க மூன்று விநாடிக்கு மேல் ஆகிறது. கைதட்டிப் பார்த்தாலே தெரியும். சுவரைத் தொட அண்ணன் விடமாட்டார், நானும் கேட்கமாட்டேன். பரணில் சுருட்டிக் கிடந்த இரண்டு பெரிய ஜமுக்காளங்களைத் தரையில் விரித்து, கல்யாண மெத்தைகளில் நான்கை ஸ்பீக்கருக்கு எதிர்ச்சுவரில் சாத்திவைத்தோம். அது அடித்தொனிக்கு ஒன்றும் செய்யாது. ஆனால் பாட்டின் சொற்கள் தெளிந்தன. மெத்தை அழகாக இல்லை என்று ஆச்சி மேலே பழைய பட்டுச் சேலை ஒன்றைப் போட்டுவிட்டார்.

ஊஞ்சலை நகர்த்த முடியாது. அண்ணனின் சாய்வு நாற்காலியை நகர்த்தலாம். அதை எதிர்ச்சுவரிலிருந்து 1.4 மீட்டர் தள்ளி, அகலத்தின் கால்பங்கில் போட்டோம். அந்த இடத்தில் 63 ஹெர்ட்ஸ் அலைக்கு அழுத்தம் கிடையாது. கும் அடங்கியது. இதுவும் காசில்லாமலே தீர்ந்தது. ஆச்சிக்கு மட்டும் ஊஞ்சலில் பழைய கும் மிச்சம் இருக்கிறது. அது தனக்குப் பிடித்திருக்கிறது என்கிறார்.

என்ன செய்யலாம் என்று பேசியது

எளிய வழியை முதலில் பார்த்தோம். ஒயர்களை 4 ஓம் முனைக்கு மாற்றினேன். அங்கே அவுட்புட் இம்பிடன்ஸ் பாதி, 1.4 ஓம். 63க்கும் 130க்கும் நடுவே இருந்த வித்தியாசம் 4.4 டெசிபலிலிருந்து 2.6 ஆனது. வால்வுக்கும் நல்லது. வால்வுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே ஆம்பில் இருக்கும் டிரான்ஸ்பார்மர், 8 ஓம் முனையில் 8 ஓமை மாட்டினால் வால்வுக்கு 3,500 ஓமாகக் காட்டும்படி சுற்றியது. அதே முனையில் 3.3 ஓம் மாட்டினால் வால்வுக்குத் தெரிவது 1,450 ஓம்தான். அந்த இடங்களில் திரிபு கூடத்தான் செய்யும். கடையிலேயே 4 ஓமில் மாட்டச் சொல்லியிருந்தால் பாதிப் புகார் வந்திருக்காது.

அடுத்து 2,200 ஹெர்ட்ஸ் மேட்டை இடிக்க, 8.2 ஓம் ரெசிஸ்டர், 6.8 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர், 0.77 மில்லி ஹென்றி சுருள் மூன்றையும் தொடராகக் கோத்து ஸ்பீக்கர் முனைகளுக்குக் குறுக்கே போட்டேன். 18 ஓம் 6க்குப் பக்கத்தில் இறங்கியது. மூக்கு நன்றாகக் குறைந்தது. 63 ஹெர்ட்ஸ் மேட்டுக்கும் இதே வைத்தியம் உண்டு. ஆனால் அதற்கு வேண்டிய சுருள் தேங்காய் அளவு வரும், கெப்பாசிட்டர்கள் நூற்றுக்கணக்கான மைக்ரோ ஃபாரட். ஒரு ஸ்பீக்கரின் குணத்தை மறைக்க அவ்வளவு செம்பைச் சுற்றுவது எனக்கு உடன்பாடில்லை.

இத்தோடு நிறுத்தியிருக்கலாம். முக்கால்வாசி சரியாகிவிட்டது. பழைய டிரான்சிஸ்டர் ஆம்பையே மாட்டிவிடுங்கள் என்றும் சொன்னேன். அந்தப் பெட்டிகளுக்கு அதுதான் ஜோடி, ஆறு வருஷம் நிரூபித்த ஜோடி. அண்ணன் கேட்கவில்லை. விளக்கேற்றினாற்போல் எரியும் அந்த இரண்டு வால்வுகள்மேல் அவருக்கு ஒரு பிடிப்பு. "அப்படின்னா இதுக்குத் தகுந்த ஸ்பீக்கரச் சொல்லு" என்றார்.

அந்த வீட்டிலேயே அதற்கு உதாரணம் இருந்தது. இரண்டாம் கட்டில், பித்தளை அண்டாக்களுக்கு நடுவே, மரப்பெட்டி வால்வு ரேடியோ ஒன்று. பின்பலகையைக் கழற்றினால் உள்ளே அவுட்புட்டுக்கு ஒற்றை இஎல்84 வால்வு. அந்த வால்வை ஒற்றையாக ஓட்டினால் நான்கைந்து வாட் தேறும். அண்ணனின் அப்பச்சி காலத்தில் முகப்பில் இலங்கை வானொலி வைத்தால் வளவு முழுக்கக் கேட்குமாம். எப்படி? பெரிய காகிதக் கூம்பு, கனமில்லாதது, கொஞ்சம் தள்ளினாலே நிறையப் பேசும். வால்வு, டிரான்ஸ்பார்மர், ஸ்பீக்கர் மூன்றையும் ஒரே கம்பெனி ஒன்றுக்கொன்று பார்த்துச் செய்தது. வாங்குகிறவர் ஜோடி சேர்க்க வேண்டிய வேலையே இல்லை. 300பியின் பிறப்பும் அப்படித்தான். 1930களில் அமெரிக்காவில் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனம் அதைச் சினிமா தியேட்டர் ஆம்புகளில் போட்டது. ஒரு தியேட்டரை அவ்வளவு குறைந்த வாட்டில் நிரப்ப முடிந்ததென்றால், மறுமுனையில் ஆளுயர ஹார்ன் (புனல் வடிவ ஸ்பீக்கர்) இருந்ததுதான் காரணம். அந்த வால்வை எடுத்து, இந்தக் காலத்துக் கனமான கூம்புகளும் சிக்கலான கிராஸ்ஓவரும் உள்ள டவரில் மாட்டினால், சம்பந்தமில்லாத இரண்டு குடும்பத்தைச் சம்பந்தி ஆக்கியது மாதிரிதான்.

பெட்டி

12 அங்குல கோஆக்ஸியல் டிரைவர் (பெரிய கூம்பின் மையத்திலேயே மேல்தொனி ஸ்பீக்கரும் இருப்பது) ஜோடி ஒன்று வரவழைத்தோம். மேடை ஸ்பீக்கர்களுக்காகச் செய்வது. 96 டெசிபல், 8 ஓம். வந்ததும் அளந்தேன், பெட்டியில் போட்ட பிறகும் அளந்தேன். குறைந்தபட்சம் 6.4, மேடு 70 ஹெர்ட்ஸில் 30 ஓம், மற்றபடி கிட்டத்தட்டச் சமதரை.

பெட்டியை எதில் செய்வது என்பதில் ஒரு சண்டை. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பக்கம் போனால் இடித்த வீடுகளின் தேக்கு கிடைக்கும். அண்ணனுக்கு அதில்தான் ஆசை. அகலப் பலகையாகப் போட்டால் மழைக்கும் வெயிலுக்கும் மரம் விரிந்து சுருங்கும், மூட்டு விட்டுக் காற்று ஒழுகும், ஸ்பீக்கர் பெட்டிக்கு அது ஆகாது என்றேன். நூறு வருஷத் தேக்கு இனி எங்கே சுருங்கப்போகிறது என்று ஆசாரி அவர் கட்சி. கடைசியில் 18 மில்லி மீட்டர் ஒட்டுப்பலகையில் பெட்டியும், பழைய தேக்கில் முன்சட்டமும் என்று சமாதானம். மூடிய பெட்டி, துவாரம் கிடையாது. உள்ளே குறுக்குக் கட்டைகள், பருத்திப் பஞ்சு. டிரைவர் ஜோடி இருபத்தோராயிரம், பலகையும் கூலியும் பதினாலாயிரம் ஆனது.

இதில் நான் செய்த ஒரு காரியம் பலருக்கு விநோதமாகப் பட்டது. 8 ஓம் ஸ்பீக்கரை 4 ஓம் முனையில் மாட்டினேன். இப்போது வால்வுக்கு 3,500க்குப் பதில் 7,000 ஓம் தெரியும். எடுக்கக்கூடிய வாட் குறையும், ஐந்து வந்தால் அதிகம். திரிபும் குறையும். அவுட்புட் இம்பிடன்ஸ் 1.4ஆக நிற்பதால் 30 ஓம் மேட்டுக்கும் 6.4 ஓம் பள்ளத்துக்கும் நடுவே வித்தியாசம் 1.3 டெசிபல்தான். 96 டெசிபல் கையில் இருக்கும்போது வாட்டைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து இதை வாங்குவது லாபம். 85 டெசிபல் பெட்டியில் இந்த ஆடம்பரம் கட்டாது.

மாட்டிய அன்று சாயங்காலம் அண்ணன் ஒன்றும் பேசவில்லை. ஒரே விருத்தத்தை நான்கு தடவை கேட்டார். பாடுகிறவர் மூச்சை இழுத்துக்கொண்டு கீழ்ஷட்ஜமத்தில் இறங்கும் இடம் வரும்போதெல்லாம் நாற்காலியின் கைப்பிடியைத் தட்டினார். பள்ளத்தில் கிடந்த நெஞ்சு திரும்பி வந்திருந்தது.

மறுநாள் காலை போன்: "தம்பி, பாட்டு இல்லாதப்ப ஒரு வண்டு ரீங்காரம் கேக்குது."

இதை எதிர்பார்த்திருக்க வேண்டும். டவர்களில் கேட்காத ஹம், 96 டெசிபல் ஸ்பீக்கரில் கேட்கத்தான் செய்யும். இந்த ஆம்பில் 300பியின் ஃபிலமெண்டுக்கு (வால்வுக்குள் சூடாகி எரியும் இழை) நேரடியாக ஏசி போகிறது. அளந்தால் ஸ்பீக்கர் முனையில் 4 மில்லி வோல்ட். 2.83 வோல்ட்டுக்கு 96 டெசிபல் என்றால் 4 மில்லி வோல்ட்டுக்கு 39 டெசிபல். சென்னையில் மின்விசிறிச் சத்தத்தில் அமுங்கிவிடும். கானாடுகாத்தானில் ராத்திரி பத்து மணிக்கு அது ஒரு குடித்தனக்காரர் மாதிரி கூடவே இருக்கும். வால்வுக்குப் பக்கத்தில் ஹம் சரிசெய்யும் பாட் (திருகிக் கூட்டிக் குறைக்கும் ரெசிஸ்டர்) ஒன்று உண்டு. ஸ்க்ரூடிரைவரை வைத்து மயிரிழை மயிரிழையாகத் திருப்பி, மீட்டரில் மிகக் குறைந்த இடத்தில் நிறுத்தினேன். 1.2 மில்லி வோல்ட். பெட்டியில் காதை வைத்தால் மட்டும் கேட்கிறது.

அப்போதுதான் கரண்ட்டையும் கவனித்தேன். பகலில் 228 வோல்ட், இரவு பதினொன்றுக்கு 246. ஆம்ப் 220க்குச் சுற்றியது. 5 வோல்ட் இருக்க வேண்டிய ஃபிலமெண்டில் இரவில் 5.6. வால்வு சீக்கிரம் தேயும். ரிலே ஸ்டெபிலைசர் வேண்டாம் என்றேன், ஒவ்வொரு தாவலிலும் டக்கென்று பாட்டுக்கு நடுவே கேட்கும். சின்ன டிம்மர்ஸ்டாட் (கையால் திருகி வோல்ட்டைக் கூட்டிக் குறைக்கும் டிரான்ஸ்பார்மர்) ஒன்று, மேலே ஒரு வோல்ட் மீட்டர். பாட்டு வைக்கும் முன் முள்ளை 220இல் நிறுத்திவிட்டு ஆம்பைப் போடுவது இப்போது ஆச்சியின் பொறுப்பு. அண்ணனுக்குப் பொறுமை இல்லை.

டவர்கள் டிரான்சிஸ்டர் ஆம்போடு இரண்டாம் கட்டுக்குப் போய்விட்டன, பேரப்பிள்ளைகள் லீவுக்கு வந்தால் டிவிக்கு. அங்கே அவை அருமையாகவே பேசுகின்றன. நான் போட்ட சுருளையும் கெப்பாசிட்டரையும் கழற்றி எடுத்துக்கொண்டேன்.

தை மாதம் பங்காளி வீட்டுக் கல்யாணம் ஒன்று இதே கூடத்தில் வருகிறது. நலங்குப் பாட்டுக்கு இதையே போட்டுவிடலாமா என்று அண்ணன் கேட்டார். ஐந்து வாட் அண்ணே, முந்நூறு பேர் பேசுவார்கள் என்றேன். பள்ளத்தூரில் மைக் செட்டுக்குச் சொல்லியாகிவிட்டது.